சும்மா நிற்கிற வண்டிக்குச் சாப்பாடு

பேட்டரிக் கடைக்குச் சிரித்த முகத்தோடு வருகிறவர் யாரும் இல்லை. பல் வைத்தியரிடமாவது சிலர் வலி வருவதற்கு முன்பே போகிறார்கள்.

அவசரமாகக் கிளம்பும் காலையில் சாவியைத் திருகி, ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு, ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் நாம் உறவுக்காரர்கள். விருதுநகரில் இருபது வருடமாக எனக்குச் சோறு போடுவது அந்த உறவுதான். அதற்கு முன் ஒரு நாளிதழுக்கு வட்டாரச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வேலை போனாலும், ஒருவர் பேசியதைப் பேசியபடியே குறித்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. வாரண்டி நோட்டின் பின்பக்கங்களில் கிடந்தவைதான் இவை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஓடிக் கெட்ட பேட்டரியைவிட நின்று கெட்ட பேட்டரிதான் என் கடைக்கு அதிகம் வருகிறது. எங்கள் பக்கம் சீசனில் வண்டிகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தீபாவளி முடிந்தால் நகர வேலை இருக்காது. இதில் ஒரு வண்டிக்கு மட்டும் வருடம் முழுக்க நிற்பதுதான் வேலை. இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றி.

தள்ளுவதற்கு ஆள் குறையவில்லை

ஆமத்தூரைத் தாண்டி ஒரு சிறிய பட்டாசுக் கம்பெனி. அங்கே அவசரத்துக்கு என்று ஒரு பழைய வெள்ளை வேன் உண்டு. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சர் போட்டிருப்பார்கள். யாருக்காவது ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு. அதன் டிரைவர் கருப்பசாமிக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு நாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர், பேட்டரி விலையைக் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, “இனிமே ஒரு தடவகூட அந்த வண்டி கெளம்பாம இருக்கக் கூடாது அண்ணாச்சி. அதுக்கு என்ன செய்யணுமோ சொல்லுங்க” என்றார்.

அதற்கு முந்தைய வாரம் பட்டாசு மருந்து லேசாகப் பொறி தட்டி, பாண்டியம்மாள் என்ற தொழிலாளியின் இடது கையில் தீப்பட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி போர்த்தி, வேனில் ஏற்றிவிட்டார்கள். கருப்பசாமி சாவியைத் திருகினால் ‘டிக்’. மறுபடியும் ‘டிக்’. பேக்கிங்கில் இருந்த பெண்கள் ஓடிவந்து தள்ளினார்கள். மண்பாதையில் கேட் வரைக்கும் தள்ளி, சரிவில் விட்டு, இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆறு நிமிடம் தாமதம். கை தப்பிவிட்டது, தழும்புதான் மிச்சம். யாரும் கருப்பசாமியைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல அண்ணாச்சி. அந்தப் பிள்ள சன்னல் வழியா எட்டிப் பாத்துச் சொல்லுது: ‘அண்ணே, ஒரு கை நல்லாத்தான இருக்கு, நானும் எறங்கித் தள்ளட்டுமா?’”

அந்த ஐந்து நிமிடம்

“தெனமும் காலைல அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வச்சுத்தான் அண்ணாச்சி அமத்துவேன். பெறகு எப்படி எறங்குச்சு?” என்று கருப்பசாமி கேட்டார். பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். செல்ப் அடிக்கும்போது பேட்டரி இழக்கிற தெம்பை ஐந்து நிமிடத்தில் என்ஜின் திருப்பித் தராது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டு, காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பருப்பு வியாபாரியின் வீட்டில். அவர்களுடைய கார் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் வெளியே வரும். ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. ‘தினமும் என் வீட்டுக்காரம்மா ஸ்டார்ட் பண்ணித்தான் வைக்கிறாங்க’ என்று வியாபாரி சத்தியம் செய்தார். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா காருக்குள் உட்கார்ந்து கதவை மூடி, ஏசியைப் போட்டு, பாட்டை வைத்து, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். வீட்டுக்குள் பதினான்கு பேர். கண்ணாடியைத் தட்டவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்தக் காருக்குத்தான் முதல்முதலாக நிரந்தரமாக ஒரு சார்ஜரைக் கட்டினேன். கைக்கடக்கமான பெட்டி. அதன் ஒரு முனை பேட்டரியோடு முடுக்கப்பட்டு வண்டியிலேயே இருக்கும், மறுமுனையில் பிளக். வண்டி நிற்கும்போதெல்லாம் பிளக் சுவரில் இருக்க வேண்டும். பேட்டரி குறைந்தால் ஊட்டும், நிறைந்தால் தானே நிறுத்திக்கொள்ளும். பால் பொங்காமல் அடுப்பைச் சிறிதாக வைத்துக்கொண்டு ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்பது மாதிரி. சிவப்பு விளக்கு எரிந்தால் சாப்பிடுகிறது. பச்சை எரிந்தால் வயிறு நிறைந்துவிட்டது. இனி காரைத் தினமும் ஸ்டார்ட் செய்ய வேண்டியதே இல்லை என்று அந்த அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பேட்டரி போனா மாத்திக்கிறலாம் அண்ணாச்சி. அந்த அஞ்சு நிமிசத்த எங்க போயி வாங்குறது? இத அவுககிட்டச் சொல்லிறாதீக.”

பியூஸ் கட்டையின் பயணம்

கருப்பசாமியின் வேனுக்குப் புது பேட்டரியும் போட்டு, அதே மாதிரி சார்ஜரும் கட்டினேன். மருந்து அறைகளிலிருந்து வெகு தூரம் தள்ளி, அலுவலகத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் வேன் நின்றது. பிளக்கைச் செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கருப்பசாமி அதைக் குழந்தை முகத்தைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்.

மூன்றாவது வாரம் போன் வந்தது. பேட்டரி சோர்ந்து கிடக்கிறது. சார்ஜரைக் குறை சொல்லி வேறு கட்டினேன். அதற்கடுத்த மாதமும் அதே கதை. பேட்டரிக் கம்பெனியைக் குறை சொன்னேன். மூன்றாவது தடவை, என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பகலில் ஒரு பிசகும் இல்லை. ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. கடைசிப் பெண்ணும் கேட்டைத் தாண்டினாள். அப்போது போர்மேன் சுந்தரராஜ் மெயின் சுவிட்சை இறக்கினார். பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒரு துணியில் சுற்றி, சாப்பாட்டுத் தூக்கோடு பைக்குள் வைத்து, சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டினார். பதினெட்டு வருடமாக அந்தக் கட்டைகள் தினமும் சாயந்திரம் அவரோடு வீட்டுக்குப் போய்க் காலையில் வேலைக்கு வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை அவற்றுக்கும் வீட்டிலேயே லீவு.

வேனுக்குச் சாப்பாடு வேண்டிய நேரமே எல்லோரும் போன பிறகுதான். அந்த நேரத்தில் கம்பெனியில் சொட்டு மின்சாரம் இல்லை. பகலில் கிடைப்பதாவது முழுசாகக் கிடைத்ததா என்றால், வானம் இருட்டினால் இடி மின்னலுக்குப் பயந்து வேலையையும் நிறுத்தி மெயினையும் அமர்த்திவிடுவார்கள். இது கருப்பசாமிக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் பிறந்த எனக்கும் தெரியும். பிளக் செருகியிருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, அதற்குப் பின்னால் கரண்ட் இருக்கிறதா என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் சுந்தரராஜ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்: “ஆள் இல்லாத எடத்துல கரண்டுக்கு என்ன சோலி?”

இரண்டு நியாயம், ஒரு முதலாளி

மறுநாளே கருப்பசாமியும் சுந்தரராஜும் முட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கு வண்டி எந்த நேரமும் கிளம்ப வேண்டும். இன்னொருவருக்கு ஆளில்லாத கம்பெனியில் ஒரு பொறிக்குக்கூட வழி இருக்கக் கூடாது. ‘ஒரு ஒயருக்கு மட்டும் விட்டு வையுங்க’ என்று டிரைவர் கெஞ்சினார். போர்மேன் அசையவில்லை. “ஒன் வண்டியக் கெளப்புறதுக்கு எங்க அம்புட்டுப் பேரையும் கெளப்பிறாதப்பா” என்றார்.

முதலாளி இளைஞர். அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை ஏற்றவர். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். என்னையும் கேட்டார். வேலிக்கு வெளியே, ரோட்டோரம் கேட் காவல்காரரின் அறை இருக்கிறது. அதற்குத் தனி லைன் வாங்கிவிடலாம், வேனையும் அதன் பக்கத்திலேயே நிறுத்தலாம் என்றேன். சுந்தரராஜ் காலடி வைத்துத் தூரத்தை அளந்தார். இரண்டு தடவை அளந்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: வேன் நகர்ந்தால் அடுத்த நிமிடம் காவல்காரர் அந்த லைனின் சுவிட்சை அமர்த்த வேண்டும். காவல்காரர் மாடசாமியை நிறுத்தி வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல அதைப் பத்து தடவை சொல்லவைத்தார். வேன் ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதால் நான் சார்ஜரின் ஒயரைப் பின்பக்கம், நம்பர் பிளேட்டுக்குக் கீழே எடுத்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. முதலாளி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு பேருமே சரியாத்தான் சொல்றீக. யாராவது ஒருத்தர் தப்பாச் சொல்லியிருந்தா எனக்குச் செலவு மிச்சம்.”

சந்தனப் பொட்டு

மாடசாமிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். திருப்பூரில் இருக்கிற மகளோடு போனில் பேசுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அறையில் ஒரே ஒரு பிளக் ஓட்டை. முதல் மாதத்தில் வேனும் போனும் அதற்குச் சண்டை போட்டன. பெரும்பாலும் போன்தான் ஜெயித்தது. நான் போய் மூன்று ஓட்டையுள்ள பலகையாக மாற்றி, ஒன்று வேனுக்கு, ஒன்று மகளுக்கு, ஒன்று காற்றாடிக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்தேன். அதன் பிறகு பேட்டரி இறங்கவே இல்லை. கருப்பசாமி வாரம் ஒருமுறை போன் செய்து “பச்ச எரியுது அண்ணாச்சி” என்பார். நான் “சந்தோசம்” என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

ஆயுத பூசையன்று நான் என் கடையில் பூசணிக்காயோடு நின்றபோது கருப்பசாமியின் போன். பச்சை எரியவில்லை. சிவப்பும் எரியவில்லை. “செத்துருச்சு அண்ணாச்சி” என்றார், வீட்டில் ஒருவரை இழந்தவர் குரலில். பூசையை அப்படியே விட்டுவிட்டு ஆமத்தூருக்கு வண்டியை விட்டேன். வேனுக்கு மாலை, ஸ்டியரிங்குக்கு மாலை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பானெட்டைத் திறந்தேன். சார்ஜர் பெட்டிக்கும் மூன்று பட்டை திருநீறு பூசி, நடுவில் கனமாக ஒரு சந்தனப் பொட்டு. அதற்கு மேல் குங்குமம். சரியாக அந்தச் சிறிய விளக்கின் மேல். வேட்டி நுனியால் துடைத்தேன். உள்ளே பச்சை, ஒரு குறையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. நான் மாடசாமியைப் பார்த்தேன். அவருக்கு என் பார்வையின் பொருள் புரியவே இல்லை: “வண்டிக்கு வச்சேன், பம்புசெட்டுக்கு வச்சேன், தெனமும் வேலை பாக்குறது இதுதான், இதுக்கு மட்டும் வைக்காமப் போனா அது என்னய்யா நெனைக்கும்?”

இழுத்துக்கொண்டு போனது

தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்தது. ஒரு மாதத்துக்கு ஆள் வராது, லோடு வராது. ஆனாலும் சுந்தரராஜ் தினமும் காலையில் வந்து வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் போவார். கருப்பசாமியும் வந்து வேனைத் துடைப்பார். ஒரு நாள் பத்து மணி இருக்கும். புல் மண்டிய வேலியோரத்தில் சுந்தரராஜைப் பாம்பு கடித்துவிட்டது. அவர் கத்தவில்லை. அங்கேயே உட்கார்ந்து, கேட் பக்கம் கையை அசைத்திருக்கிறார். மாடசாமியும் கருப்பசாமியும் அவரை நடக்கவிடாமல் தூக்கிவந்து வேனில் படுக்கவைத்தார்கள். அந்த வேன் கடைசியாக ஓடி நாற்பது நாளாவது இருக்கும். கருப்பசாமி பிறகு என்னிடம் சொன்னார், சாவியைத் திருகும்போது கண்ணை மூடிக்கொண்டாராம். பாதி திருகலிலேயே என்ஜின் எழுந்துவிட்டது.

நான் கடை வாசலில் நின்றிருந்தேன். வெள்ளை வேன் விளக்குப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் பறந்தது. அதன் பின்னால் ஒரு கறுப்பு ஒயர். ஒயரின் நுனியில் பிளக். பிளக்கோடு, நான் மாடசாமி அறைச் சுவரில் நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கிய மூன்று ஓட்டைப் பலகையில் பாதி, ரோட்டில் துள்ளித் துள்ளி வந்துகொண்டிருந்தது. ஆமத்தூரிலிருந்து வழிநெடுக பைக்கில் வந்தவர்கள் ஹாரன் அடித்துக் கையைக் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் வழிவிடுகிறார்கள் என்று நினைத்துக் கருப்பசாமி அவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

நான் பின்னாலேயே போனேன். சுந்தரராஜை உள்ளே கொண்டுபோய் ஊசி போட்டுவிட்டார்கள். நல்ல நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். கருப்பசாமி அப்போதுதான் வேனின் பின்பக்கம் பார்த்து, பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். சுந்தரராஜ் கண்ணைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். கடிபட்ட காலைப் பற்றிக் கேட்கவில்லை. “சுவத்துல ஒயர் பிஞ்சு தொங்குமேப்பா. கேட்டு லைன அமத்தியாச்சா?” என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. பிய்ந்த இடத்தில் உயிரோடு ஒரு ஒயர். கீழே காய்ந்த புல். வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனி. கருப்பசாமி உடனே மாடசாமிக்குப் போன் போட்டு, சுந்தரராஜின் காதுக்குப் பக்கத்தில் சத்தமாக வைத்தார்.

“வண்டி நகந்த நிமிசமே அமத்திட்டேன் போர்மேனய்யா, நீங்க பத்துத் தடவ சொல்ல வச்சதாச்சே. இப்ப எம் போனுலதான் ஒரு கோடு மிச்சம் இருக்கு, சீக்கிரம் பொளச்சு வாங்க.”

ஒரே ஆணி

சுந்தரராஜ் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். பத்தாம் நாள் கம்பெனிக்கு வந்தார். பியூஸ் கட்டைகள் இன்னும் அவரோடுதான் சாயந்திரம் வீட்டுக்குப் போகின்றன. அதில் மாற்றம் இல்லை. ஆனால் புதுப் பலகையை நான் முடுக்கும்போது பக்கத்திலேயே நின்று ஒரு வேலை சொன்னார். பிளக்குக்கு மேலே ஒரு ஆணி அடிக்கச் சொன்னார். வேன் சாவி இனி அதில்தான் தொங்க வேண்டும். சாவியை எடுக்க வருகிறவன் பிளக்கைப் பார்க்காமல் போக முடியாது. இருபது வருடம் பேட்டரித் தொழில் செய்கிற எனக்கு இந்த ஆணி தோன்றவில்லை. நான் அதற்குமேல் போய், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் ஒரு பிளக்கையும் போட்டேன். இரண்டும் இருக்கட்டும் என்றார் போர்மேன். அவருக்கு எதிலும் இரண்டு வேண்டும்.

சீசன் தொடங்கிய முதல் நாள், பெண்கள் கேட்டில் இறங்கும்போது கருப்பசாமி புது ஆணியை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். பலகை ரோட்டில் துள்ளிய கதை அதற்குள் ஆமத்தூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாண்டியம்மாள் தழும்பு விழுந்த இடது கையில் தூக்குவாளியோடு நின்று ஆணியைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், திறந்திருந்த பானெட்டுக்குள் பச்சை விளக்கைக் குனிந்து பார்த்தாள். நல்லபடியாக ஏதாவது சொல்வாள் என்று கருப்பசாமி காத்திருந்தார். “ஏண்ணே, என்னையக் கொண்டுபோகயில தள்ளிக்கிட்டுப் போனீக, போர்மேனக் கொண்டுபோகயில சுவத்த இழுத்துக்கிட்டுப் போனீக, ஒங்களுக்கு வண்டிய வெறுமனே ஓட்டவே வராதா?”

இத்தனை வருடத்தில் இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது, ஓடுகிற வண்டிக்கு ஒரு டிரைவர் போதும், சும்மா நிற்கிற வண்டிக்குத்தான் ஒரு ஊரே வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான். மற்றதெல்லாம் சார்ஜர் வருகிற அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது.